மறதிக்கு ஒன்பது வசனங்கள்

1

இந்தக் கதை ஒரு மறதியால் உண்டானது. யாருடைய மறதி என்பதைப் பிறகு சொல்கிறேன். (சொல்லாமல் விட்டால் கேட்டு வாங்குங்கள், மக்காள். பேனாவைக் கொண்டையில் செருகிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவள் நான்.)

முதல் தொடக்கம்: 'மட்டக்களப்பு வாவியின் மேல் சூரியன் பொன்னாய்...' வேண்டாம். அன்று வாவியை யார் பார்த்தது?

இரண்டாவது: இளையதம்பி மாஸ்டர் அமிர்தகழியில் ஆங்கிலம் படிப்பித்தார். இது நிற்கும்.

2

மறப்பதற்கும் திடீரென்று ஞாபகம் வருவதற்கும் வெள்ளைக்காரன் வைத்திருக்கும் ஒன்பது வசனங்களை மாஸ்டர் கரும்பலகையில் எழுதினார்.

"அவனுக்கு மறதி எண்டா, விஷயம் மனசில இருந்து வழுக்கி விழும். ஞாபகம் வந்தா, யோசனை வந்து அடிக்கும்."

"அடிச்சா நோகுமா சேர்?" என்றான் ஒரு பொடியன்.

எல்லாரும் சிரித்தார்கள். பின்வாங்கில் கண்ணகையும் சிரித்தாள். மாஸ்டரின் மனைவி சின்னத்தங்கத்தின் தங்கை அவள்; அவர்கள் வீட்டிலேயே இருந்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, முப்பத்தேழு வயதில் ஆங்கிலம் பிடிக்க வந்தவள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. ஒவ்வொரு வீட்டின் பெயர்ப் பட்டியலும் ஆமிக் காம்பில் இருந்தது. ஓர் இரவு வெளியே தங்குவதென்றாலும் அங்கே சொல்ல வேண்டும். சொல்லாமல் ஆள் குறைந்தால் இயக்கத்துக்குப் போனதாக எடுத்து, வீட்டுக்காரரைக் கொண்டுபோவார்கள். கொண்டுபோன எல்லாரும் திரும்பி வரவில்லை.

வாழைச்சேனையில் கண்ணகையின் கூட்டாளியுடைய மகள் பிள்ளை பெற்றிருந்தாள். பார்க்கப் புறப்பட்டாள்.

"காம்பில நான் சொல்லட்டா, கண்ணகை?"

"வேணாம் அத்தான். போற வழிதானே, நானே சொல்லிட்டுப் போறன்."

அக்கா அப்போது கிணற்றடியில் நின்றாள். அவளுக்கு இந்தப் பேச்சே தெரியாது.

காம்பு வாசலை நெருங்கும்போது பஸ் வந்தது. கண்ணகை ஓடி ஏறினாள். [இங்கே அவளுக்கு ஒரு நியாயம் எழுதி மூன்று தரம் வெட்டினேன். யன்னலோர இடம் கிடைத்த சந்தோசத்தில்]

3

மறுநாள் விடியச் சுற்றிவளைப்பு. பட்டியலில் மூன்று பெயர். முற்றத்தில் இரண்டு பேர். மாஸ்டரைக் கொண்டுபோனார்கள். சின்னத்தங்கம் பின்னால் ஓடிக் காம்பு வாசலில் நின்றாள்.

"மற்ற ஆள் எங்கே? ஏன் சொல்லவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டான் அதிகாரி.

முந்திய பிரதிகளில், மாஸ்டர் ஒன்பதில் ஒன்றை அழகாக எடுத்துவிடுவார். அதிகாரி அசந்துபோய்த் தேத்தண்ணி கொடுப்பான். வாசித்து நானே கைதட்டினேன். உண்மையில், மறதிக்கான ஒன்பது வசனமும் மாஸ்டருக்கு மறந்துபோயின. கடைசியில் நெஞ்சைத் தொட்டுத் தமிழில் சொன்னார்:

"வாழைச்சேனைக்குப் போனவ, சேர். என்னைத்தான் சொல்லச் சொன்னவ. எனக்குத்தான் அயத்துப்போச்சு." எங்கள் ஊரில் மறதிக்கு இந்த ஒரு சொல்தான்.

விளங்கியதோ இல்லையோ, இடது காதோடு ஓர் அறை விழுந்தது. ஆள் வந்தால்தான் விடுவோம் என்று உள்ளே இழுத்தார்கள்.

அடுத்த நாள் காலை, வாழைச்சேனையில் பிள்ளைக்குத் தண்ணி வார்க்கும்போது எனக்கு ஞாபகம் வந்து அடித்தது. நோகுமா என்று கேட்டானே, நோகும்.

ஓம், கண்ணகை நான்தான். வேறு யாரோ போல எழுதினால் குற்றம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று பார்த்தேன்.

4

ஓடி வந்து காம்பில் தலையைக் காட்டினேன். விட்டார்கள். அன்றிலிருந்து அத்தானுக்கு இடது காது கேளாது.

"ஊருக்கெல்லாம் படிப்பிக்கிற வாய்க்கு, காம்பில ஒரு சொல் சொல்ல அயத்துப்போச்சாக்கும்!" அக்கா சாகும்வரை இதைச் சொல்லியே ஏசினாள். அவர் சிரிப்பார். நான் குனிந்து மீன் ஆய்வேன். அத்தனை மீன் இந்த வாவியில் இல்லை.

5

அத்தானுக்கு இப்போது எண்பது. இன்று காலை கேட்டார்:

"கண்ணகை, அண்டைக்குக் காம்பில சொல்ல அயத்தது நானா, நீயா?"

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டார்.

முடிவு ஒன்று: "நீங்கதான் அத்தான்." அவர் தலையாட்டுகிறார். அக்காவின் ஏச்செல்லாம் நியாயமாகிவிடுகிறது.

முடிவு இரண்டு: "நான்தான் அத்தான். யன்னலோர

அவருடைய கேட்கிற காதுப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்குச் சொல்லிவிட்டேன், அது லேசு. அவருக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் கேட்டு வாங்குங்கள் என்றேனே, மக்காள்.

கேளுங்கள்.