ஏழாவது எச்சரிக்கை

லிஃப்ட்டுகளை இயக்கும் நிரலை எழுதியவர் ரேமண்ட். எட்டு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய நாற்காலி எவ்லினுக்கு வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், துணிக்கடைக்கு மேல்மாடியில் அவர்கள் அலுவலகம்.

மறுநாள் நிரலுக்குப் பாதுகாப்புத் தணிக்கை. நிரலின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று விளக்கும் பக்கங்களைக் கணினியே தயாரித்துத் தரும். காலையில் ஓட்டியபோது ஏழு எச்சரிக்கைகள் வந்தன. ஏழும் ஒரே புகார்தான்: 'கவனம்' என்ற துணைத் தொகுப்பைக் காணவில்லை. அது இல்லாமலே லிஃப்ட்டுகள் ஓடின. விளக்கப் பக்கங்களுக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது.

"எச்சரிக்கைய மறைச்சு விட்ரு லா. ஒரு வரிதானே," என்றார் மேலாளர் நாதன்.

"என்ன காணோம்னு பார்த்துடறேன் பாஸ்."

தேடியதில் விஷயம் புரிந்தது. ரேமண்டின் கணக்கை மூடியபோது அதிலிருந்த தொகுப்பும் சேர்ந்து அழிந்திருந்தது. அலுவலகப் பொருள்களைக் கவனிக்கும் சுபாஷினி, ஸ்டோரிலிருந்து அவருடைய பழைய மடிக்கணினியை எடுத்துக் கொடுத்தாள். தொகுப்பு அதில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

எவ்லின் அதை நகலெடுத்து, தேவைப்படும் தொகுப்புகளின் பட்டியலில் சேர்த்து, மறுபடி ஓட்டினாள். ஓர் எச்சரிக்கைகூட இல்லை. ஏழு இடங்களிலும் ரேமண்டின் குறிப்புகள் வந்து உட்கார்ந்திருந்தன. ஆறு சாதாரணக் குறிப்புகள். ஏழாவது, கதவு பற்றியது:

'பாகான் டாலாம், பி கட்டடம், இரண்டாம் லிஃப்ட். எடை பூஜ்யம் என்று காட்டும். நம்பாதே. உள்ளே ஆள் இருக்கும்.'

அந்தக் கட்டடத்தோடு ஒப்பந்தம் போட்டது போன மாதம்தான்.

கீழே தெருவில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். எவ்லின் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். கட்டடத்தின் காவல் அறைக்குப் போன் போட்டாள்.

"ரெண்டாம் லிஃப்ட்டா? சும்மா நிக்குது தங்கச்சி. ஸ்கிரீன்ல ஜீரோ. லைட்டும் ஆஃப்," என்றார் காவலுக்கு இருந்த ஜாகா.

"கதவத் திறந்து பாருங்கண்ணே. ப்ளீஸ்."

அவர் முனகிக்கொண்டே நடந்தார். சாவி திருகும் சத்தம் கேட்டது. பிறகு கதவு நகரும் சத்தம்.

"அல்லா... நம்ம ஹபீபா பீவி," என்றார் கடைசியில். "தரையில கெடக்குறாங்க. மூச்சு இருக்கு. ஆம்புலன்ஸுக்கு அடிக்கிறேன்."

பாசாரிலிருந்து காய்கறிப் பையோடு வீடு திரும்பிய அம்மாள் லிஃப்ட்டுக்குள் மயங்கி விழுந்திருக்கிறார். எடை காட்டும் கருவி பழுது. லிஃப்ட் காலி என்று எண்ணிய நிரல், விளக்கை அணைத்துக் கதவை மூடி வைத்திருந்தது. இன்னும் அரைமணி போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம்.

நாதன் அந்தப் பக்கத்தைப் படித்தார். தொகுப்பின் தேதியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். அன்று மாலைக்குள், பூஜ்யத்தைக் காலி என்று எடுத்துக்கொள்ளும் வரியை எவ்லின் எல்லாக் கட்டடங்களிலும் மாற்றினாள். குறிப்பை மட்டும் தொடவில்லை.

மறுநாள் தணிக்கைக்கு வந்த பெண் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். ஏழாவதில் நின்றார்.

"ரொம்ப உபயோகமான குறிப்பு. இத எழுதினவர்கிட்ட கொஞ்சம் பேசலாமா?"

நாதன் எவ்லினைப் பார்த்தார். எவ்லின் ரேமண்டின் பழைய மடிக்கணினியை மேசைமேல் எடுத்து வைத்தாள்.