டார்கிலின் கோட்டு

டார்கில் மக்ஃபீயை அடக்கம் செய்த வாரத்தில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அவனுடைய கம்பளிக் கோட்டின் இடது கையிலிருந்து விஸ்கி சொட்ட ஆரம்பித்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அவன் மனைவி இஷ்பெல் வாளியை வைத்தாள். வாசனை வந்த பிறகு வாளியை எடுத்துவிட்டுக் கோப்பையை வைத்தாள். பதினெட்டு வருஷம் பீப்பாயில் கிடந்த சரக்கு. இங்கே வளர்ந்த எவனும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்பதுதான் எங்கள் தீவின் அபிப்பிராயம். பீப்பாயிலிருந்து வருஷா வருஷம் கொஞ்சம் காற்றோடு போகும், அதைத் தேவதைகளின் பங்கு என்போம். டார்கில் ஆயுசு முழுக்க அந்தக் கோட்டோடு விஸ்கிக் கிடங்கில் வேலை செய்தவன். தேவதைகளுக்குப் போகவேண்டியதில் பாதியைக் கம்பளி குடித்திருக்கிறது, அவ்வளவுதான். எங்களுக்குப் பெரிய விஷயம் வேறு. அந்த விஸ்கியை வடிப்பவர்கள் நாங்கள். அதை விலை கொடுத்து வாங்கிக் குடிக்க மட்டும் எங்களுக்கு வக்கில்லை. எங்கள் மழை, எங்கள் புகை, எங்கள் முதுகுவலி எல்லாம் அந்தப் பாட்டிலுக்குள் போய், மரப்பெட்டியில் ஏறி, ஷாங்காய்க்குக் கப்பலேறிவிடும். கடையில் எங்களுக்கு மிஞ்சுவது மலிவுக் கலவைச் சரக்கு. அதைக் குடித்தால் மறுநாள் மண்டைக்குள் ஆட்டு மந்தை ஓடும்.

ஆகவே இஷ்பெல் வீட்டில் கூட்டம் சேர்ந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் காசு வாங்கவில்லை. ஒரு கோப்பைக்கு விலை, டார்கிலைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒரு கதை. விலையை வைத்தவள் அவள் இல்லை, கோட்டுதான். புதுக்கதை சொன்னால் சொட்டும், சொன்னதையே திருப்பிச் சொன்னால் சொட்டாது. தபால்காரன் டூகல்ட், டார்கில் ஒரு திமிங்கிலத்தைக் கயிற்றில் கட்டிக் கரைக்கு இழுத்து வந்தான் என்று அளந்துவிட்டபோது கோப்பை நிறையத்தான் செய்தது, ஆனால் பச்சைத் தண்ணீர். "உன் வாய்க்கு இதுவே அதிகம்டா" என்றாள் இஷ்பெல். வீடே சிரித்தது. எடின்பரோவிலிருந்து ஒரு கனவான் கட்டுக்கட்டாகப் பணத்தோடு வந்தார். டார்கிலைத் தெரியாதவர், பாவம், சாயங்காலம் வரை கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டு வறண்ட தொண்டையோடு படகேறினார். வரி அதிகாரியும் வந்தார். வடிக்கும் பாத்திரம் ஏதும் இல்லாததால் வரி போட வழியில்லை என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிவைத்து, தானும் டார்கிலும் ஒரே வகுப்பில் அடி வாங்கிய கதையைச் சொல்லி ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

இஷ்பெல்லுக்கு விஸ்கி மேல் பெரிய ஆசை கிடையாது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளுக்கு வேண்டியிருந்தது டார்கில். ஒவ்வொரு கதையிலும் அவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். ஆனால் ஒரு மனிதனைப் பற்றி ஊருக்கு எவ்வளவுதான் தெரியும்? கோடை முழுக்கத் தாக்குப்பிடித்தது. பிறகு கதை தீர்ந்தது, கோட்டு காய்ந்தது, ஆட்களும் குறைந்தார்கள். குளிர் தொடங்கியபோது இரவல் கொடுத்த நாற்காலிகளைத் திருப்பி வாங்கிப் போக வந்தவர்கள்தான் கடைசி விருந்தாளிகள். நானும் என் நாற்காலியை எடுத்து வந்தேன். அவள் பேச்சுத்துணைக்குக் கோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தானே ஏதேதோ சொல்லிப் பார்ப்பாளாம். அவளுக்குத் தெரிந்த கதை அவளுக்கு எப்படிப் புதுசாகும்? ஒரு சொட்டு விழவில்லை.

அந்த வருஷப் பிறப்பன்று அவள் வீட்டுப் புகைக்கூண்டில் புகை இல்லை. எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். வருஷம் பிறந்ததும் முதலில் வாசல் மிதிப்பவன் கறுத்த தலைமுடிக்காரனாக இருக்கவேண்டும், கையில் ஒரு கட்டி நிலக்கரியும் ஒரு பாட்டிலும் வேண்டும். அவன் வரும்வரை வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே போகக்கூடாது, அடுப்புச் சாம்பல்கூட. சாம்பலை அள்ளாமல் நெருப்பு எப்படி மூட்டுவது? முன்பெல்லாம் ஊர் வாசல் அத்தனையையும் மிதித்துவந்தவன் டார்கில்தான். காக்கைச் சிறகு மாதிரி முடி அவனுக்கு. இப்போது கறுத்த முடிக்காரர்கள் எல்லாம் கிளாஸ்கோவில் பிழைக்கிறார்கள். இருந்த ஒன்றிரண்டு பேரும் இஷ்பெல்லை மறந்துபோனார்கள். மறந்தோம் என்று சொல்வதே சரி. அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, செத்த அடுப்பின் முன்னால் மத்தியானம் தாண்டியும் உட்கார்ந்திருந்தாள்.

எதிர்வீட்டு ருவாரி அதைப் பார்த்தான். ருவாரிக்குச் செம்பட்டை முடி. செம்பட்டை முதலில் மிதித்த வீடு உருப்படாது என்பதால், விவரம் தெரிந்த நாள் முதல் ஒவ்வொரு வருஷப் பிறப்பன்றும் வெளியே தலைகாட்டாமல் கதவடைத்துக் கிடப்பவன். கோட்டு சொட்டிய காலத்திலும் அந்தப் பக்கம் வராத ஒரே ஆள் அவன்தான். கர்வம் பிடித்தவன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். புகை வருமா வருமா என்று மூன்று மணி வரை பார்த்தவன், பொறுக்கமுடியாமல் சாலையைக் கடந்தான்.

"இஷ்பெல், நான் உள்ள வரல. கரிய வாசல்ல வச்சிட்டுப் போறேன், எடுத்துக்கோங்க."

"வாசல்ல வச்சிட்டுப் போறதுக்கு நீ என்ன பால்காரனா? உள்ள வா."

"என் தலையப் பாத்தீங்கல்ல?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. விரல் மரத்துப்போச்சு, வந்து தொலை."

அவன் நகரவில்லை. பெரிய உடம்பு குலுங்க அழுதான். "போன வருஷமும் முதல்ல வந்தது நான்தான், இஷ்பெல். அடுத்த மாசமே அவன் போயிட்டான்."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. டார்கில் ஊரை எல்லாம் மிதித்து முடித்துவிட்டு, நேராகத் தன் வீட்டுக்குப் போகமாட்டான். ருவாரி வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டுவான். "டேய் செம்பட்டை, கெளம்புடா. என் வீட்டுக்கு எவன் முதல்ல வரணும்னு நான்தாண்டா சொல்லணும்" என்பான். தூங்குகிற இஷ்பெல்லுக்குக் கேட்காமல் சமையலறைக் கதவைத் திறந்து, ருவாரியை முன்னால் தள்ளிவிட்டு, அப்புறம் தான் நுழைவான். இருவரும் கிசுகிசுத்தபடி ஆளுக்கொரு கோப்பை குடிப்பார்கள்.

இஷ்பெல் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலம் மறைத்துவிட்டான் மனுஷன். "எத்தனை வருஷமா நடக்குது இது?" என்று கேட்டாள்.

"நீங்க கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து."

அவள் அவனுடைய நரைத்த செம்பட்டைத் தலையைப் பார்த்தாள். "அப்போ நாங்க நல்லா இருந்தோமே, அத்தனை வருஷமும் நீ கொண்டாந்ததா ருவாரி?"

கதவுக்குப் பின்னால் சொட்டுச் சத்தம் கேட்டது.

அவன் உள்ளே வந்தான். சாம்பலை அள்ளி வெளியே கொட்டினான், நெருப்பு மூட்டினான். அவன் கொண்டுவந்த மலிவுப் பாட்டிலை இஷ்பெல் முகர்ந்து பார்த்து, "இதுல சாக்கடைதான் கழுவணும்" என்று ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கோப்பைகளைக் கோட்டுக்குக் கீழே பிடித்தாள். அது பதினெட்டு வருஷச் சரக்கு இல்லை, அதைவிடப் பழையது என்று ருவாரி பின்னால் எங்களிடம் சொன்னான். அவன் இன்னொரு வருஷப் பிறப்பின் கதையையும் தொடங்கப் போனபோது, "போதும். மிச்சத்தை வச்சிரு" என்று அவள் கையமர்த்தினாள்.

இப்போது வருஷப் பிறப்புக்கு அந்த வீட்டில் முதலில் கால் வைப்பது ருவாரிதான், முன்வாசல் வழியாகவே. கெடுதல் ஏதும் வந்ததா என்று கேட்கிறார்கள். ஒரு தடவை புயலில் கூரை பறந்தது, ஆனால் அன்று எல்லார் வீட்டுக் கூரையும்தான் பறந்தது. அவன் வந்ததும் ஒரு கதை சொல்வான், இரண்டு கோப்பை நிறையும். மற்ற நாட்களில் கோட்டு காய்ந்தே கிடக்கிறது. இஷ்பெல் அதற்குத் தூசு தட்டி, கையை நேராக இழுத்துவிட்டுப் போவாள்.