ஆறு டம்ளர் தண்ணீர்

மணிக்கட்டில் முறிந்த எலும்பு கூடிவிட்டதாம். படம் எடுத்துப் பார்த்து டாக்டரே சொல்லிவிட்டார். கூடின எலும்பு ஏழு மாதமாக ஏன் உயிரை வாங்குகிறது என்று கேட்டால், "வயசாச்சுல்லம்மா" என்று ஒரு பதில். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். பாட்டில் மூடியைத் திருகுவதும் துணி பிழிவதும் அவரா?

மணிக்கட்டு வலியை அவள் வெளியே சொல்லவில்லை. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோய்க் கட்டிலில் கிடக்கும் கணவரிடம் சொல்லவே இல்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், தெருவுக்கெல்லாம் டிரைவர். மகள் போனில் கறாராகச் சொல்லியிருந்தாள்: "தூக்க முடியலன்னா மறைக்காதம்மா. அப்பாவை ஹோம்ல சேர்த்திடலாம்." சேர்ப்பாளாம். அவர் என்ன பழைய பீரோவா, கொண்டுபோய்ப் போட?

தூக்குவதற்கு ஒரு முறை இருந்தது. அவர் இடது கையால் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். அவள் அவருடையதைப் பிடித்து இழுக்க வேண்டும். கண்டக்டர் மாதிரி "ரைட்" என்பாள், எழுவார். கழிவறை நாற்காலியில் உட்கார்ந்ததும் "ஹோல்டான்" என்பாள். "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று அவர் குழறுவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு ரைட்டுக்கும் மணிக்கட்டுக்குள் நறுக்கென்று ஒரு சத்தம் வரும். பல்லைக் கடித்துக்கொள்வாள்.

போன மாதம் திடீரென்று ஒரு நாளைக்கு ஐந்து ரைட் என்பது இரண்டாகக் குறைந்தது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தாள், மடச்சி.

பிறகு காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், சிறுநீரில் கிருமி என்றாள்.

"தண்ணி ஒழுங்கா குடிக்கிறாரா?"

"ஆறு டம்ளர். என் கையாலதான் பக்கத்துல வைக்கிறேன். எல்லாம் காலியாயிடுது."

நர்ஸ் கட்டிலை ஒட்டிய ஜன்னலைப் பார்த்தாள். "அந்தச் செடிக்கு இவ்வளவு ஊத்தாதீங்கம்மா, வேர் அழுகிடும்."

அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பல வாரமாயிற்று. தொட்டியில் மண் சேறாகிக் கிடந்தது. காலி டம்ளரையும் அவருடைய இடது கையையும் பார்த்தாள்.

நர்ஸ் போனதும் கட்டில் அருகே வந்து நின்றாள்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"உன் கை. தூக்குறப்பல்லாம்."

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உங்க பஸ்ஸைத் தண்ணி ஊத்தாம ஒரு நாளாவது எடுத்திருப்பீங்களா?" என்று கேட்டு, டம்ளரை அவர் வாயில் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை.

ஒரு மணி நேரத்தில் அவர் முகம் இறுகியது. அவளுக்குப் புரிந்தது. கையை நீட்டினாள்.

"ரைட்."

அவர் பிடிக்கவில்லை.

"பிடிங்க. எனக்கு வலிக்கல."

அவர் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "ஹோல்டான்" என்றார். முகத்தைச் செடிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நீட்டிய கையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். போர்வை நடுவில் ஈரம் தெரிந்தது, மெல்லப் பரவியது. அதைப் பிழிவதற்கும் அந்தக் கைதான் வர வேண்டும்.