துவக்கின் நுனியில் கறுப்புப் பூச்சு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஐந்து நிமிடப் பேச்சாகத் தொடங்கியது. வேறொருத்தி மேடையில் வாசிப்பதற்காக நான் எழுதிய பேச்சு. அவள் அதை வாசித்தாளா என்பதைப் பிறகு சொல்கிறேன். இலக்கிய ஆசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கோபத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் தொடக்கம்: “மார்ச் மாதத்துச் சேற்றுப்பனியில் முப்பது பேர் செத்துக் கிடந்தார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.” அடித்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் காட்டுகிற வரி.

இரண்டாவது தொடக்கம்: “துவக்கு என்றால் எங்கள் வீட்டில்

இதை முடிக்கவில்லை. என்னைப் போல ஈழத்துப் பெயருள்ள ஒருத்தி துவக்கு, துப்பாக்கி என்று எழுதினால் நீங்கள் உடனே போரை எதிர்பார்ப்பீர்கள். போர் இதில் இல்லை. அம்மா ஒரேயொரு தரம் பேசுவா. இப்போதே பேசவிட்டு அனுப்பிவிடுகிறேன்:

“உண்மைத் துவக்கு இல்லாத தேசமெண்டு உன்னைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் ஓடிவந்தது, நீ காசு குடுத்துப் பொய்த் துவக்கு வாங்கவோடி?”

அம்மா போய்விட்டா. இனிக் கதை.

2

ஒன்டாரியோவில் ஒரு நகரம். பெயரை எழுதி அடித்துவிட்டேன். காரணம் நான்காம் பகுதியில் தெரியும். நகரத்துக்கு வடக்கே கைவிடப்பட்ட ஒரு மரஆலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது எங்கள் விளையாட்டுச் சங்கத்தின் போர்க்களம். கண்ணாடி, முகமூடி, உடம்பு முழுக்கப் பச்சை உடுப்பு, கையில் பொய்த் துவக்கு. உள்ளே பட்டாணியளவு பிளாஸ்டிக் மணி. பட்டால் எறும்பு கடித்ததுபோல இருக்கும், அவ்வளவுதான்.

மணி பட்ட இடத்தில் அடையாளம் எதுவும் விழாது. ஆகவே பட்டவர்தான் “பட்டிட்டுது” என்று கத்த வேண்டும். சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய் நிற்க வேண்டும். நடுவர் கிடையாது. பட்டும் சொல்லாமல் ஓடுகிறவனைப் போல ஒரு கேவலமான பிறவி எங்கள் அகராதியில் இல்லை. மூன்று வருடம் கூட விளையாடிய ஒருவனை அதற்காகவே சங்கத்தை விட்டுத் துரத்தினோம். அவன் அழுதான். நாங்கள் இரங்கவில்லை.

இப்போது ஒட்டாவா நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமூலம். பார்வைக்கு உண்மைத் துவக்கு மாதிரி இருக்கும் எதையும் இனி விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, கைமாற்றக் கூடாது. பழுதானால் அதோடு சரி. இரண்டு மூன்று வருடத்தில் மரஆலையில் புல்தான் விளையாடும்.

[இந்த இடத்தில் சட்டமூலத்துக்கு எதிராக ஒரு பக்கம் வாதாடியிருந்தேன். வெட்டிவிட்டேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை.]

3

சங்கத் தலைவர் லைல். ஐம்பத்தைந்து வயது, பாரந்தூக்கி திருத்துகிற மெக்கானிக். தொகுதி எம்.பி. நூலகத்து மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கப்போகிறா என்று தெரிந்த அன்றே தன் கராஜில் எங்களைக் கூட்டினான். ஆயுதம் வேண்டாம் என்கிற தெருப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு பேச்சாளர், எங்களுக்கு ஒரு பேச்சாளர்.

“நான் போய் நிண்டால் சரிவராது,” என்றான் லைல். “என்ர தாடியைப் பார். டீவியில காட்டுற துவக்கு விசரன் மாதிரியே இருக்கு.”

“மாதிரி என்ன மாதிரி?” என்றாள் மார்வா.

எல்லோரும் சிரித்தோம்.

“நீ போ, மார்வா,” என்றான்.

சிரிப்பு நின்றது. மார்வா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். கறுப்பினப் பெண். தேவாலயத்தில் பாடுகிறவள். லைல் எதற்காக அவளைச் சொன்னான் என்று அங்கிருந்த அத்தனை வெள்ளைக்காரருக்கும் தெரியும். தெரியாதது போல ஆளாளுக்குக் கோப்பித் தம்ளருக்குள் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன்: “முகத்துக்காகத்தானே கேக்கிறாய்?”

“ஓம்,” என்றான் லைல். “வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், ஓம். உனக்கு இந்த விளையாட்டு வேணுமோ, மானம் வேணுமோ?”*

மார்வா ஒப்புக்கொண்டாள். எழுதுவது என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்த நாளிலிருந்து வீட்டிலும் வெளியிலும் எவருக்கு எது எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

லைல் ஒரு வரியை மட்டும் தானே சொன்னான்: “எங்கட துவக்கின்ர நுனியில செம்மஞ்சள் வளையம் இருக்கு. கண்ணுள்ள எவனும் பொய்யெண்டு கண்டுபிடிப்பான். இதைக் கட்டாயம் போடு.”

போட்டேன்.

* ஆங்கிலத்தில் இவர்களுக்கு நீயும் இல்லை, நீங்களும் இல்லை. தமிழுக்குக் கொண்டுவரும்போது நான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. லைலுக்கு ஒருமை போதும். கோபம் ஆறினால் மாற்றுவேன்.

4

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு பேச்சை மார்வாவிடம் கொடுக்கப் போனேன். முதியோர் இல்லத்து வாசலில் அவளுடைய கார். உள்ளே கறிப் பட்டீஸ் வாசம். மடியில் தாளை வைத்து வாசித்தாள். செம்மஞ்சள் வரியில் அவளுடைய விரல் நின்றது.

“உன்ர துவக்கில வளையம் இருக்கோ?” என்று கேட்டாள்.

எங்களில் ஒருவரிடமும் அது இல்லை. வாங்கி வந்த முதல் வாரமே கறுப்புப் பூசிவிடுவோம். அந்த வளையம் அசிங்கம், உண்மைத் துவக்கில் அது கிடையாது. பூசாமல் வருகிறவனைப் பார்த்து, “என்னடா, பிள்ளைகளின்ர தண்ணித் துவக்கோ?” என்று கேட்டுச் சிரித்ததில் நானும் ஒருத்தி.

“நான் நகத்துக்குப் போடுற கியூடெக்ஸ் பூசினனான்,” என்றாள் மார்வா. “கறுப்புக் கியூடெக்ஸ். ரெண்டு பூச்சு. நல்லா வந்தது.”

பிறகு சொன்னாள். போன இலையுதிர்காலம். அவளுக்கு ஒரு தம்பி, ரான்ஸ்ஃபர்ட், இருபத்துநான்கு வயது, தாயோடு இருக்கிறான். காரைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கிப் போனான். பின்பெட்டியில் இவளுடைய துவக்கு, பையில் போடாமல். அதை வீட்டுக்குள் வைக்கலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தான். எதிர்வீட்டிலிருந்து யாரோ போலீசைக் கூப்பிட்டார்கள்.

“எத்தினை பேர் வந்தவங்கள்?”

“எண்ணுற நிலையிலயோ அவன் நிண்டவன்?”

சுடவில்லை. குப்புறப் படுக்க வைத்தார்கள். படுத்த பிறகும் கத்தினார்கள். தோள்மூட்டு விலகியது. தாய் யன்னலுக்குள் நின்று பார்த்தா. கடைசியில் பொய்த் துவக்கு என்று கண்டு, மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ரான்ஸ்ஃபர்ட் மார்வாவோடு பேசுவதில்லை. ஒரு சொல்கூட இல்லை. அவள் வீட்டுக்குப் போனால் அறைக்கதவு சாத்தியிருக்கும்.

“அதுக்குப் பிறகும் நீ விளையாட வாறாய்,” என்றேன். கேள்வியாகக் கேட்க நினைத்தது குற்றச்சாட்டாக வந்துவிட்டது.

“வாறன்தான், வேற துவக்கோட. கிழமை முழுக்கச் செத்துப்போறவையைக் கழுவித் துடைக்கிறன். செத்ததுகள் தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பி வாற இடம் எனக்கு அது ஒண்டுதான்.” தாளை மடித்தாள். “இந்த வரியை நான் வாசிச்சால் அவன் என்னோட கதைக்கவே மாட்டான். வாசிக்காமல் நடந்ததைச் சொன்னால் விளையாட்டுப் போச்சு. நீ படிச்சனியெல்லே, சொல்லு, என்ன செய்ய?”

[இங்கே என் வாயில் ஒரு ஞானமான பதிலை வைத்திருந்தேன். பொய். நான் சொன்னது: “எனக்குத் தெரியாது, பட்டீஸ் ஆறுது.”]

5

அவள் லைலிடமும் சொன்னாள். கராஜில், நான் பக்கத்தில் நிற்க.

லைல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். “பெடியன் சுகமோ?”

“தோள் சுகம்.”

“எனக்கேன் சொல்லேல்ல? நான் வந்து கொம்மாவோட இருந்திருப்பனே.”

“இப்பச் சொல்லுறன்.”

“இப்ப வேண்டாம், மார்வா. அந்த மண்டபத்தில வேண்டாம். எனக்குச் சொல்லு, பாதிரிக்குச் சொல்லு. அவையளுக்குச் சொன்னால் உன்ர தம்பியின்ர கதையையே தடியாக்கி எங்களை அடிப்பினம்.”

“அவன்ர கதைதானே. ஆர் கையில கிடைச்சாலும் அவனுக்குத்தான் அடி.”

“வளையத்தைப் பற்றியாவது சொல்லாத. நாங்கள் எல்லாரும் பூசினது வெளியில தெரிஞ்சால் முடிஞ்சுது.”

மார்வா எழுந்தாள். “பட்டால் பட்டதெண்டு சொல்லவேணும். முதல்நாள் எனக்கு அதைத்தானே சொல்லித்தந்தனீ? பட்டும் சொல்லாத அந்தப் பெடியனை அழ அழ அனுப்பினனீங்கள்.”

“அது விளையாட்டு!” என்று கத்தினான் லைல்.

கத்திய பிறகு அவனுக்கே அது கேட்டது. ஸ்பானரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

6

லைலை வில்லனாக்கத்தான் ஆசைப்பட்டேன். இரண்டு வரைவில் அவனுக்கு மஞ்சள் பல்கூட வைத்தேன். ஆனால் மறுநாள் அவன் மார்வாவின் தாய் வீட்டுக்குப் போய், கேட்காமலே படிக்கட்டில் உறைந்திருந்த பனியை உடைத்துத் தள்ளிவிட்டு, மணி அடிக்காமல் திரும்பி வந்தான். நல்லவனா, வாயை அடைக்கப் பார்க்கிறவனா? எனக்குத் தெரியவில்லை. பல்லை மட்டும் திருப்பி வெள்ளையாக்கிவிட்டேன்.

கூட்டத்துக்கு முதல்நாளே இரண்டு முடிவு எழுதி வைத்தேன்.

(அ) மார்வா தாளை அப்படியே வாசிக்கிறாள். கைதட்டல். வெளியே வந்து வாந்தியெடுக்கிறாள்.

(ஆ) மார்வா உண்மையைச் சொல்கிறாள். மண்டபம் அழுகிறது. தம்பி கட்டிப்பிடிக்கிறான். சட்டம்

(ஆ)வை முடிக்கும் முன்பே அடித்துவிட்டேன். மண்டபங்கள் அழுவதில்லை.

7

நூலகத்து மண்டபம். இடப்பக்கம் தெருப் பாதுகாப்புக் குழு, வலப்பக்கம் நாங்கள். பச்சை உடுப்பு வேண்டாம் என்று லைல் சொல்லியிருந்ததால் எல்லோரும் கலியாணத்துக்கு வந்ததுபோல இருந்தோம். எங்கள் முறை வந்தபோது, கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தான். தலையை மூடிய மேற்சட்டை. இடது தோளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்திருந்தான்.

மேடையிலிருந்த மார்வா அவனைக் கண்டாள். அவள் முகத்தைப் பார்த்தே அது அவளுடைய தம்பி என்று தெரிந்துகொண்டேன்.

அவள் தொடங்கினாள். முதல் பத்தி நான் எழுதியபடி. இரண்டாவது பத்தி நான் எழுதியபடி. முன்வரிசையில் லைலின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. “எங்கட துவக்கின்ர நுனியில,” என்று வாசித்து நிறுத்தினாள்.

ஒலிவாங்கி இரைந்தது. எம்.பி. நிமிர்ந்து பார்த்தா.

“எங்கட துவக்கின்ர நுனியில செம்மஞ்சள் வளையம் இருந்தது. நான் அதுக்குக் கறுப்புக் கியூடெக்ஸ் பூசினனான். வடிவா இருக்குமெண்டு பூசினனான். என்ர தம்பி அதை முற்றத்தில கொண்டுபோக, போலீஸ் அவனை நிலத்தில போட்டது. நான் பூசாமல் விட்டிருந்தாலும் போட்டிருப்பாங்களோ, எனக்குத் தெரியாது. இந்தச் சட்டம் இருந்திருந்தால் அவனை விட்டிருப்பாங்களோ, அதுவும் தெரியாது. அவன் கையில வேற ஏதும் இருந்தாலும் போட்டிருப்பாங்கள் எண்டு அம்மா சொல்லுறா. எனக்கு இந்த விளையாட்டு வேணும். இதையும் சொல்லவேணும். ரெண்டும்தான்.”

யாரும் கைதட்டவில்லை. லைல் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். இடப்பக்கம் ஒரு பெண் வேகமாக எழுதத் தொடங்கினாள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிழவர் கையைத் தூக்கினார்.

“பிள்ளை, அந்தத் துவக்கு இப்ப எங்க?”

“போலீஸ் திருப்பித் தந்தது,” என்றாள் மார்வா. “அம்மா எறிஞ்சிட்டா.”

“இல்லை.”

என் பக்கத்திலிருந்து வந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பியது. அவன் எழுந்திருக்கவில்லை.

“அம்மா எறியேல்ல. என்ர அறையில இருக்கு. நான்தான் வைச்சிருக்கிறன்.”

மார்வா ஒலிவாங்கியை விட்டு விலகி, வெறும் வாயால் கேட்டாள்: “ஏன்?”

8

மேலே உள்ளதுவரை நடந்தது. மறுநாள் லைல் எனக்கு எழுதினான்: நடந்ததைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போடலாம், தம்பி பேசின கடைசித் துண்டை மட்டும் வெட்டு. அடுத்த நாள் தெருப் பாதுகாப்புக் குழுவிலிருந்து அந்த வேகமாக எழுதிய பெண் கூப்பிட்டாள்: மார்வா சொன்னதை நாங்கள் பாவிக்கலாமா, தம்பி துவக்கை வைத்திருப்பது மட்டும் வேண்டாம், குழப்புகிறது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கத்தரிக்கோல் வைத்தார்கள். இருவருக்கும் நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

சட்டமூலம் இன்னும் வாக்கெடுப்புக்கு வரவில்லை.

அவன் ஏன் வைத்திருக்கிறான் என்பதற்கு மூன்று காரணம் எழுதினேன். பயத்தில் என்று ஒன்று. அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை என்பதற்கு அவனிடமுள்ள ஒரே சாட்சி அது என்று ஒன்று. மூன்றாவதை, அவனும் விளையாட ஆசைப்படு

மூன்றும் என் காரணங்கள். அவனுடையவை இல்லை. அக்கா கேட்டதற்கு அவன் வாயைத் திறந்தான், அது உண்மை. அரை வருடத்துக்குப் பிறகு அவளுக்காகத் திறந்த வாய். அந்தக் கணத்தில் குறிப்பெடுக்க என் கை பேனாவைத் தேடியது. எனக்கே என்மீது அருவருப்பு வந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன். ஆகவே அவன் சொன்னது எனக்குத் தெரியாது. மார்வாவிடம் கேட்கவும் மாட்டேன்.

நான் எழுந்துபோன கதிரை, அவனுக்குப் பக்கத்தில், இந்தக் கதையில் இன்னும் காலியாக இருக்கிறது. தாளும் பேனாவும் இல்லாமல் வந்து உட்காருங்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று அவன் உங்களைத் திரும்பிப் பார்ப்பான். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். அவன் இன்னும் பேசத் தொடங்கவில்லை.