கையெழுத்துப் போடாத வாசகர்கள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வெயில் தாழ்வதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிடுகிறேன். இதில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. பம்பு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்த நாகவல்லி இருக்கிறாள். கேளுங்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாதம். வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கே எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் முப்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். கார் ஷெட்டில் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் கரைவேட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு மதிலோரம்தான். நாகவல்லி மதிலில் சாயாமல் நின்றாள். சுண்ணாம்பு புதிது, புடவையில் ஒட்டும். இருந்ததில் நல்ல புடவை அது. வலது ஆள்காட்டி விரலில் செம்புக்கம்பி அறுத்த கோடுகளை இடது கையால் மூடிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் வார்னிஷ் வாசம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை திருமழிசைத் தொழில் எஸ்டேட்டுக்கு விடுமுறை. கிளை நூலகத்துக்கும் விடுமுறை. அதனால்தான் மூன்று பேரும் வர முடிந்தது. ஜம்புலிங்கம் அவள் பக்கத்தில் நின்றார். முன்பு அதே கம்பெனியில் லேத் ஓட்டியவர், இப்போது சைக்கிள் கடை. மூன்றாவது ஆள் நூலகர் உஸ்மான் கனி. சர்க்கார் சம்பளக்காரர் மனுக் கொடுக்க வரக்கூடாது என்பதால் எதிர்ச் சாரி டீக்கடையில் பேப்பரோடு நின்றுவிட்டார்.

"பாயைப் பாரு. ஒரே பக்கத்தை அரை மணியாப் படிச்சிகினு கீறாரு" என்றார் ஜம்புலிங்கம். "அதுல அரிசி விலைதான் போட்டுருக்கும். மனப்பாடம் ஆயிருக்கும்."

நாகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எட்டாவதோடு நின்றவள். ஐப்பசியில் தனியாகப் பத்தாவது எழுதப்போகிறாள். பாஸ் செய்தால் பால்வாடியில் டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம். புத்தகம் நூலகத்தில் இருக்கிறது, உட்கார பெஞ்சும் அங்கேதான் இருக்கிறது. வருகை போதவில்லை, மாதக் கடைசியில் நூலகத்தை மூடிப் புத்தகங்களைப் பூந்தமல்லிக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிடத்துக் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது.

எட்டு மணிக்கு எம்.எல்.ஏ. வெளியே வந்தார். நாகவல்லி நீட்டிய அந்தக் கடிதத்தை அரை நிமிடத்தில் படித்துவிட்டார்.

"தினம் எத்தனை பேரும்மா வராங்க?"

"சாயங்காலத்துல அறுவது பேரு வருவாங்க, சார். மொத ஷிப்டு உட்டதும் நேரா அங்கதான்."

"பதிவேட்டுல நாலு பேருன்னு போட்டிருக்கே?"

நாகவல்லி ஜம்புலிங்கத்தைப் பார்த்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மூணு வருஷம் முன்னாடி ஸ்ட்ரைக் நடந்துது, சார். அப்போ கம்பெனி சூப்ரவைசர் லைப்ரரிக்கு வந்து அந்த நோட்டைப் பொரட்டினாரு. யாரு யாரு சங்கத்துப் பேப்பர் படிக்க வராங்கன்னு பேரைக் குறிச்சிகினு பூட்டாரு. ஸ்ட்ரைக் முடிஞ்சதும் அஞ்சு பேரைத் திரும்ப வேலைக்கு எடுக்கல. அஞ்சுல நான் ஒருத்தன். அன்னீலேர்ந்து ஒருத்தனும் பேரு எழுதறதில்ல. வந்து படிப்பான், பூடுவான்."

எம்.எல்.ஏ. தலையாட்டினார். நியாயமாகத்தான் பேசினார். "புதன்கிழமை சட்டசபையில கல்வி மானியத்து மேல விவாதம் வருது. நான் எழுந்து பேசறேன். ஆனா மந்திரி இதே நாலைத்தானே சொல்லுவாரு? என் கையில காகிதம் வேணும். பேரு, வயசு, வேலை செய்ற இடம், கையெழுத்து. திங்கக்கிழமைக்குள்ள கொண்டாங்க."

"வேலை செய்ற எடமும் எழுதணுங்களா?" என்றாள் நாகவல்லி.

"உழைக்கிற ஜனங்க படிக்கிற எடம்னு காட்டணுமில்ல?"

அவருடைய உதவியாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நூலகம் நிறைந்திருந்தது. ஓட்டுக் கட்டடம், விசிறி கிடையாது. நாகவல்லி முழுத்தாளில் நான்கு கோடு போட்டு மேஜையில் வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்தார்கள். படித்துவிட்டுப் பேப்பருக்குப் போய்விட்டார்கள். ஐந்து மணிவரை தாள் வெறுமையாகவே கிடந்தது.

உஸ்மான் கனி குரலைத் தாழ்த்தினார். "எழுதாதம்மா. புக்கு பூந்தமல்லிக்குப் போனா போவட்டும். வாரத்துக்கு நாலு புக்கு சைக்கிள்ல கட்டிகினு வந்து நானே குடுக்கறேன்."

"புக்கு வந்துரும், பாய். உக்கார எடம்? ஊட்ல ஒரே ரூமு, ஆறு பேரு."

அவர் வருகைப் பதிவேட்டை மூடி மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

காயில் பிரிவில் அவளோடு வேலை செய்யும் பத்மா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "வயசு, வேலை செய்ற எடம். இன்னாடி, பொண்ணு பாக்க வராங்களா? ஜாதகத்தையும் வெச்சித் தெச்சிடு."

ரெண்டு பேர் சிரித்தார்கள். பத்மாவும் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "எங்கூட்டுக்காரு ஆறு மாசமா சும்மா கீறாரு. என் கம்பெனி கார்டு ஒண்ணுலதான் அடுப்பு எரியுது."

"நீ போட வேணாம், பத்மா. உன்னை நான் கேட்டனா?"

"கேக்கல. அதான் கஷ்டமா கீது."

நாகவல்லி பேனாவைத் திறந்தாள். பெயர் எழுதினாள். வயது முப்பது. மூன்றாவது கட்டத்தில் கம்பெனியின் பெயரை முழுதாக எழுதி, பக்கத்தில் காயில் பிரிவு என்றும் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடாமல் மேஜையிலேயே வைத்தாள்.

பேப்பர் திரும்பும் சத்தம் நின்றிருந்தது. பத்மா அவளைப் பார்க்காமலே குனிந்து எழுதினாள். பிறகு பெயின்ட் கம்பெனிக்காரர் ஒருவர். பிறகு வரிசை. ஞாயிறு ராத்திரி எண்ணியபோது நாற்பத்துமூன்று. அதில் பம்பு கம்பெனி மட்டும் பத்தொன்பது.

திங்கட்கிழமை ஜம்புலிங்கம் கொண்டுபோய்க் கொடுத்தார். எம்.எல்.ஏ. சொன்னபடியே புதன்கிழமை சட்டசபையில் பேசினார். அடுத்த வாரம் கடிதம் வந்தது. நூலகத்தை மூடவேண்டாம்.

"ஜெயிச்சிட்டோம், பாய்" என்று ஜம்புலிங்கம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார். உஸ்மான் கனி சர்பத் வாங்கிக் கொடுத்தார். நாகவல்லி இரண்டு மிடறு குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் கணக்குப் புத்தகத்தைத் தேடினாள்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு மத்தியானம் கம்பெனி வேன் நூலக வாசலில் நின்றது. அதே சூப்பர்வைசர் இறங்கினார். பின்னால் இரண்டு ஆட்கள் இரண்டு மின்விசிறிகளைத் தூக்கிவந்தார்கள்.

"எம்.எல்.ஏ. எங்க மொதலாளிக்கு லெட்டர் போட்டிருந்தாரு, பாய். உங்க தொழிலாளிங்க இவ்ளோ பேர் படிக்கிற எடம், ஏதாவது பண்ணுங்கன்னு. மொதலாளி உடனே அனுப்பிட்டாரு. வாங்கிக்கினேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

நீட்டிய பைலில் எம்.எல்.ஏ.வின் கடிதம் இருந்தது. அதன் பின்னால் நாகவல்லியின் நான்கு கோடு போட்ட தாள், ஜெராக்ஸ். பத்தொன்பது பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் டிக்.

உஸ்மான் கனி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், கையெழுத்துப் போட இங்க எல்லாருக்குமே பயமா?" என்றார் சூப்பர்வைசர்.

உஸ்மான் கனி கையெழுத்துப் போட்டார். வேன் போனதும் நூலகத்தைப் பூட்டாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு எஸ்டேட் கேட்டுக்கு மிதித்தார். ஷிப்டு விட்டு வந்த நாகவல்லியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "நாளைக்குத் தெரியும், பாய்" என்றாள்.

மறுநாள் காலை கேட் அருகில் தொழிலாளிகளின் வருகைக் கார்டுகளைச் செருகிவைக்கும் பலகையில் பத்தொன்பது இடங்கள் காலியாக இருந்தன.

"ஆர்டர் கொறைஞ்சி போச்சி" என்றார் சூப்பர்வைசர். "தேவைப்பட்டா சொல்லி அனுப்பறோம். படிக்கிற ஆளுங்களுக்கு இங்க இன்னா வேலை? நல்லா காத்து வர்ற எடமாப் பாத்து உக்காந்து படிங்க."

பத்மா கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நாகவல்லி அவள் கையைத் தொட்டாள். பத்மா கையை இழுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு உஸ்மான் கனி நூலகத்தைத் திறந்தபோது வாசலில் அந்தப் பத்தொன்பதில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். சாப்பாட்டு டப்பாவோடு வந்திருந்தார்கள். வேலைக்குப் போகவில்லை என்று நாலு பேர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

அவர் பதிவேட்டை இழுப்பறையிலிருந்து எடுக்கத் தயங்கினார்.

"குடு, பாய்" என்றாள் பத்மா. "இனிமே இன்னா பயம்?" பெயர் எழுதி, நேரம் என்ற இடத்தில் எட்டு ஐந்து என்று போட்டு, பேனாவை நாகவல்லியிடம் நீட்டினாள். கேட்டில் நின்ற நாளுக்குப் பிறகு அன்றுதான் பத்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

அந்த மாதம் மேலிடத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். பதிவேட்டில் காலை நேர வருகை மட்டும் நாள்தோறும் பதினைந்தைத் தாண்டியிருந்தது. சிவப்பு மையில் 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நாகவல்லி அறிவியல் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். விசிறி மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. சுற்றும்போது சிவப்பு வளையமாக மட்டும் தெரிந்த எழுத்து இப்போது ஒவ்வொரு இறக்கையிலும் தெளிவாகத் தெரிந்தது. உபயம் என்ற சொல்லும், அதன் கீழே கம்பெனியின் பெயரும்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டில் படிக்கிறவர்களுக்கு உட்கார இடம் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கை எந்தத் தாளில் பெயர் எழுதினாலும், மறுநாள் காலை அந்தக் கைக்கு வேலை இருக்கட்டும்.