சிவப்புத் துணி கட்டிய துத்தி

துத்திச் செடிக்கு வியாதி வந்தால் யாருக்கு என்ன? இதை என்னிடம் கேட்காத ஆளில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் கேட்டார். என் ஆராய்ச்சி எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்த வெளியூர்ப் பேராசிரியர் அதையே கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டார். வெண்டைக்கு வந்தால் வெள்ளாமை போச்சு, மிளகாய்க்கு வந்தால் குடும்பமே போச்சு, துத்திக்கு வந்தால்? மூலத்துக்கு இலை பறிக்கிறவர்களைத் தவிர அதை எவரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

நான் குனிந்தேன். திருவாதவூரில் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலின் கரையில் ஏழெட்டுத் துத்தி நின்றது. இலை நரம்பெல்லாம் மஞ்சள். மஞ்சள் நரம்பு எனக்குப் புதிதில்லை, வெண்டைக் காட்டில் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் இந்த இலைகள் ஓரம் மேல்பக்கமாக மடங்கிக் கிண்ணம்போல் ஆகியிருந்தன. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்க நரம்பில் சின்னச் சின்னப் புடைப்பு. வெண்டை வியாதியில் இப்படி வராது. அன்றைக்கு வெயிலில் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கென்று ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்படி வியாதி கொடுக்கிற வைரஸுக்குப் பேர் வைப்பது குழந்தைக்குப் பேர் வைப்பது மாதிரி இல்லை. இந்த வகை வைரஸின் மரபணு ஒரு வட்டம், சுமார் ரெண்டாயிரத்து எழுநூறு எழுத்து. அதை முழுசாகப் படித்து, உலகத்தில் இதுவரை படித்து வைத்திருப்பவற்றோடு ஒப்பிட வேண்டும். தொண்ணூற்றொரு சதவீதமோ அதற்கு மேலோ எதனோடாவது ஒத்துப்போனால் அது அந்தப் பழைய வைரஸ்தான். அதற்குக் கீழே என்றால் புது இனம். பேர் வைக்கலாம், சர்வதேசக் குழுவுக்குக் காரணம் எழுதி அனுப்பலாம், அவர்கள் ஒப்புக்கொண்டால் உலகம் முழுக்க அந்தப் பேரில்தான் அதை அழைப்பார்கள். நான் பேரைக்கூட யோசித்து வைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பேர்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் தடவை எடுத்த இலையில் பாதி வட்டம் கிடைத்தது. எண்பத்துநாலு சதவீதம். லேபில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த எண்ணை எத்தனை தடவை பார்த்தேனோ. ஆனால் பாதி வட்டத்தை வைத்துக்கொண்டு புது இனம் என்று சொல்ல முடியாது. மீதிக்கு முயன்றேன். துத்தி இலையை அரைத்தால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று சளி கட்டும், மரபணு அந்தச் சளியில் போய் ஒட்டிக்கொள்ளும். கொண்டுவந்த இலையெல்லாம் அப்படியே வீணாய்ப் போயிற்று. சளியைப் பிரிக்கிற நல்ல கிட் ஒன்று உண்டு. அதை வாங்கச் சொல்லி என் கைடு ஐரின் மேடத்திடம் போய் நின்றேன்.

ஐரின் மேடத்தின் அப்பா மிஷன் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், தாத்தாவும் ஹெட்மாஸ்டர். நல்லவர்தான், கிறிஸ்துமஸ் கேக்கை எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார். ஆனால் அவசரம் என்ற ஒன்று அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"ஆர்டர் போடலாம்மா சத்யப்ரியா. ஏன் பறக்குற?"

"அப்ப அந்தச் செடியில ஒண்ண வேரோட எடுத்துட்டு வந்து நம்ம பசுமைக்குடில்ல வச்சிக்கிறேன் மேடம்."

"அங்க என் ப்ராஜெக்ட் தக்காளி இருக்கு. உன் செடியில இருந்து வெள்ளை ஈ பரவிச்சுன்னா அவ்வளவுதான். செடி எங்கம்மா ஓடிப்போகப் போகுது? வேணும்கிறப்ப போய் இலை எடுத்துக்க."

செடி ஓடிப்போகாதுதான்.

கோடையில் இன்னொரு சங்கடம். வெயில் ஏறினால் மஞ்சள் மங்கி, எல்லாத் துத்தியும் ஒன்றுபோலத் தெரியும். மழை விழுந்து புதுத் துளிர் விட்டால்தான் இலையில் வைரஸ் நிறைய இருக்கும். அதுவரை எது வியாதிச் செடி என்று மறந்துவிடக்கூடாது. ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சிவப்பாய் ஏதாவது பழைய துணி கேட்டேன்.

அம்மா, சோலையம்மாள், தன் பழைய உள்பாவாடையைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டே கேட்டது: "எதுக்கு தாயி?"

"வரத்துக்கால்ல இருக்கிற துத்திக்குக் கட்டணும். வியாதி இருக்கிற செடிக்கு மட்டும், அடையாளத்துக்கு."

"துத்திக்கா? வெண்டைக்குக் கட்டுவோம், கத்திரிக்குக் கட்டுவோம். ஊருலேயே களைக்குக் கோவணம் கட்டுறவ நீ ஒருத்திதான்."

ரெண்டு பேரும் சிரித்தோம். நான் போய் ஒவ்வொரு செடியாய்ப் பார்த்துக் கட்டிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

கிட் வருவதற்குள் கோடை முடிந்து, ஒரு மழையும் பெய்து முடித்தது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டி போட்டுத் தூக்கிக்கொண்டு ஊரில் இறங்கி நேராக வரத்துக்காலுக்குப் போனேன். தூரத்திலேயே தெரிந்தது. கரை வழித்துவிட்ட தலை மாதிரி கிடந்தது. நூறு நாள் வேலைக்காரர்கள் புளியமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் பொறுப்பாளர் நல்லகாமன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"வாங்க டாக்டரம்மா! பெட்டியில என்ன, எங்களுக்குக் குச்சி ஐஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் அம்மாவும் இருந்தது, கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தது. முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மா, இங்க நான் துணி கட்டின துத்தி?"

"அதச் சொல்லத்தான் வாரேன். நல்லகாமன் இந்தப் பக்கம்தான் மண்வெட்டியப் போடச் சொன்னாரு. மண்வெட்டியில வெட்டுனா வேரு உள்ளயே நிக்கும்ல? நான் யாரையும் தொட விடல. எம் மக அடையாளம் கட்டிட்டுப் போன செடி, நானே புடுங்குறேன்னு ஒவ்வொண்ணா வேரோட புடுங்கி, இலை ஒண்ணு கீழ விழாம அள்ளி, தீ வச்சுட்டேன். நீ வந்து முள்ளுக்குள்ள கெடந்து அல்லாடணுமா?"

அம்மா கரையோரம் கறுப்பாய்க் கிடந்த ஒரு வட்டத்தைக் காட்டியது. மழையில் சாம்பல்கூட மிஞ்சவில்லை.

எங்கள் பக்கம் வெண்டைக் காட்டில் அப்படித்தான். காட்டுக்காரர் விடியும் முன்னால் வந்து வியாதிச் செடிக்குத் துணி கட்டிவிட்டுப் போய்விடுவார். கூலிக்கு வருகிறவர்கள் துணி கட்டினதை எல்லாம் பிடுங்கி எரிப்பார்கள். ஒருத்தரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். துணி என்றால் பிடுங்கு. நானே சின்ன வயசில் பிடுங்கியிருக்கிறேன். காலேஜில் இத்தனை வருசம் செடிக்குச் செடி அடையாளப் பட்டை கட்டிக் கட்டி, எனக்குத் துணி என்றால் தொடாதே என்று ஆகிவிட்டிருந்தது. அம்மாவுக்கு எப்படி ஆகும்?

இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது நான் யோசிக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

"ஒனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்காம்மா? ஒரு வார்த்த கேக்கத் தோணலையா? என் படிப்பே அந்தச் செடியிலதான் இருந்துச்சு!"

"வியாதிச் செடின்னு சொன்னியே தாயி…"

"வியாதிதான் எனக்கு வேணும்!"

நல்லகாமன்தான் மெதுவாகச் சொன்னார்: "விடும்மா. களைதானே, மழ பேஞ்சிருக்கு, பத்து நாள்ல திரும்ப மொளச்சிரும்."

முளைத்தது. அதுதான் கொடுமை. விதையிலிருந்து வந்த துத்தி, துளிகூட மஞ்சள் இல்லாமல், கரை முழுக்கப் பச்சைப்பசேல் என்று. இந்த வைரஸ் விதை வழியாக வருவதாகத் தெரியவில்லை. வெள்ளை ஈ ஒரு வியாதிச் செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. தூக்கிப் போக ஒரு செடி வேண்டுமே. ஒரு செடி ஆரோக்கியமாக இருப்பதைப் பார்த்து வயிறெரிந்தவள் மதுரை ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன்.

தேடினேன். கப்பலூரில் கம்பெனிச் சுவர் ஓரமாகக் குனிந்து குனிந்து போனேன். வாட்ச்மேன் ஒருவர் வந்து, "கீரை பறிக்கிறதுன்னா அந்தப் பக்கம் போம்மா, இங்க சாயத்தண்ணி" என்றார். வாடிப்பட்டி ரோட்டில் லாரிக்காரன் ஒருத்தன் ஹாரன் அடித்துக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. மஞ்சள் துத்தி சிலது கிடைக்கவும் செய்தது. ஒன்று சிலந்திப்பூச்சி, இன்னொன்று சத்துக் குறைவு, மற்றது வயசான இலை. புடைப்பும் கிண்ணமும் உள்ள இலை ஒன்றுகூட இல்லை.

ஐரின் மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என் ஆராய்ச்சிக் காலம் முடிகிற நேரம்.

"பாரும்மா, உன் ஆய்வேட்டுல அந்தத் துத்தி அத்தியாயத்துல புது இனம்னு எழுத முடியாது. எது கிட்டக்க வருதோ அதோட ஒரு திரிபுன்னு எழுதிடு. யாரும் கேட்க மாட்டாங்க."

"எண்பத்துநாலு எப்படி மேடம் திரிபாகும்?"

"நீ உங்க வீட்டுல ஃபர்ஸ்ட் ஜெனரேஷன். பட்டத்த வாங்கிட்டு ஒரு வேலைக்குப் போற வழியப் பாரு. இந்தப் பிடிவாதமெல்லாம் அப்புறம் வச்சிக்கலாம்."

பிடிவாதம் பிடிக்கக்கூட மூன்று தலைமுறை படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. எழுந்து வந்தேன்.

அன்றைக்கு அப்பா போன் பண்ணினார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஒங்காத்தாவுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு."

வரத்துக்காலில் கத்தியதற்குப் பிறகு நான் ஊருக்கே போகவில்லை, போனிலும் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் காட்டுக்குப் போனேன். அரை ஏக்கர், குத்தகைக் காடு, வெண்டை போட்டிருந்தார்கள். காய்க்கிற பருவம். வரப்பில் ஏறி நின்று பார்த்தால் காடே மஞ்சளாய் இருந்தது. மஞ்சளுக்கு நடுவில் சிவப்பு, நீலம், பூப்போட்டது என்று செடிக்குச் செடி துணி. வீட்டில் இருந்த பழைய சேலை அத்தனையும் கிழிந்து அங்கே தொங்கியது. காய் வெளிறி விரல் நீளம்கூட வராமல் முறுக்கிக் கிடந்தது.

அப்பா சிவனாண்டி வரப்பில் உட்கார்ந்திருந்தார். "மொதல்ல நாலு செடிதான் வந்துச்சு. புடுங்கப் போனா கையப் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்குறா. எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்."

அம்மா பாத்திக்குள்ளிருந்து வந்தது. என் முகத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்துப் பேசியது.

"ஒண்ணக்கூடப் புடுங்கல தாயி. யாரையும் தொட விடல. அன்னைக்குத் துத்தியில இருந்த ஈ இங்கன வந்து ஒக்காந்திருக்கும்ல? வரத்துக்கால் இந்தா இருக்கு, எட்டுத் தூரம். ஒனக்கு வேணும்கிறத எடுத்துக்க. அம்புட்டும் ஒனக்குத்தான்."

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இலை மடங்கவில்லை, அடியில் புடைப்பு இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த, எப்போதோ பேர் வைத்து முடித்த வெண்டை வைரஸ். ஆனால் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. பத்து இலை பறித்து பெட்டியில் வைத்தேன்.

"இது அதுதானே?"

"டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேம்மா. நீ புடுங்கிரு."

"நீ சொல்லு, அப்புறம் புடுங்குறேன்."

அந்த இலைக்கு முழு வட்டமும் கிடைத்தது. முதல் தடவையிலேயே, ஒரு சிக்கலும் இல்லாமல். தொண்ணூற்றெட்டு சதவீதம், பழையது. எந்தக் கிட்டுக்காகக் காத்திருந்து துத்தியை இழந்தேனோ அந்தக் கிட்டிலேயே செய்தேன்.

அன்று சாயங்காலமே ஐரின் மேடத்தின் அறைக்குப் போய், துத்தி அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். திரிபு என்று எழுத மாட்டேன். அது எதனுடைய திரிபும் இல்லை. வேறொன்றின் பேரை அதன் தலையில் கட்டுவதைவிட, அது பேரில்லாமலே போகட்டும். மேடம் பெருமூச்சு விட்டார். "இருக்கிற மூணு அத்தியாயத்துல பட்டம் கிடைக்குமான்னு தெரியலம்மா. கமிட்டிதான் சொல்லணும்." சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போனேன். அம்மா வரப்பில் காத்திருந்தது. ஒரு செடியும் பிடுங்கியிருக்கவில்லை.

"இல்லம்மா. இது அது இல்ல."

"நல்லாப் பாத்தியா? கீழப்பாத்தி இலை எடுத்தியா? அங்கதான் மொதல்ல வந்துச்சு."

"பாத்துட்டேன். இது சும்மா வெண்டை வியாதி."

அப்பா எழுந்து வந்து முதல் பாத்தியில் இறங்கிக் கொத்தாகப் பிடித்துப் பிடுங்கத் தொடங்கினார். நானும் இறங்கினேன். காய் முள் உள்ளங்கையில் குத்தி அரித்தது. பிடுங்கப் பிடுங்க வெள்ளை ஈ புகை மாதிரி எழும்பி, காற்றில் பக்கத்துக் காட்டைப் பார்த்துப் போனது.

"இருங்க, இருங்க" என்று அம்மா ஓடி வந்தது. நான் பிடுங்கிப் போட்ட செடியைக் கையில் எடுத்து, அதில் கட்டியிருந்த துணியை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, உதறி, மடியில் போட்டுக்கொண்டது.

"அதெல்லாம் எதுக்கும்மா? சேத்து எரிச்சிரலாம்."

"அடுத்து நீ ஒண்ணக் கண்டுபிடிச்சா கட்ட வேணாமா?" என்றது. "இந்தத் தடவ என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்ல."

நான் பிடுங்கிக்கொண்டே போனேன். எனக்குப் பின்னால் அம்மா ஒவ்வொரு செடியாக அவிழ்த்துக்கொண்டு வந்தது.