தள்ளி மிதந்த வீடு

நாற்பத்திரண்டாவது வயதில் நாரினுக்குப் புருஷன் தோன் பக்கத்தில் வந்தால் தெரியாமல் போனான். மங்கலாகத் தெரிந்தான் என்றில்லை, ஆளே இல்லை. ஒரு கை தூரம் விலகி நின்றால் தோன் மறுபடி இருந்தான், மூக்குத் தழும்பு உட்பட. கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியில் மிதக்கும் வீடுகளில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் மீன் குறைந்துபோனதுதான் பேச்சாக இருந்தது.

படகில் வந்த கண் டாக்டரம்மா, கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதானால் விறைத்துவிடும், கிட்டத்தில் பார்க்க உப்பிக் கொடுக்காது என்றாள். அவள் கொடுத்த கண்ணாடியில் ஊசிக் காது தெரிந்தது, அரிசி மூட்டையின் எழுத்து தெரிந்தது. தோன் மட்டும் தெரியவில்லை.

“கண்ணாடிக்கு உன்னைப் பிடிக்கலையாம்யா.”

“கட்டிக்கிட்டவளுக்கே பிடிக்கல, அதுக்கு எங்க பிடிக்கப்போகுது?” என்றது காலிப் பாய்.

ஆனாலும் அவளுக்கு அவன் முகம் வேண்டியிருந்தது. அதற்காக அவன் வீட்டின் மறுகோடியில் படுத்தான். அதுவும் போதாமல் போனபோது மூங்கில் தெப்பத்தில் குடிசை போட்டுக்கொண்டான். வெள்ளம் ஏறி ஊரே வீடுகளை இழுத்துக் கட்டும் ஒவ்வொரு வருஷமும் தன் தெப்பத்தை இன்னும் சில கஜம் தள்ளிக் கட்டினான். அறுபது வயதில் இருவருக்கும் நடுவே பள்ளிக்கூடப் படகு போய்வந்தது. “சாப்பிட்டியா?” என்று அவள் கத்தினால் எட்டு வீடுகள் சாப்பிட்டதாகச் சொல்லும். புருஷனை முழுசாகப் பார்த்துக்கொண்டே ஒண்டியாகக் கிடப்பதை நினைத்து அவளுக்கு அழுகை வரும்.

அறுபத்து மூன்றில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அவள் துடுப்புப் போட்டுப் போனாள். பாதி வழியில் அவன் மறைந்துபோனான். பாயைத் தடவியதும் நெற்றி சுட்டது.

“இங்க வந்தா என் மூஞ்சி தெரியாதே. திரும்பிப் போ.”

“தெரியாட்டிப் போகுது. நகர்ந்து படு.”

நான்கு வருஷம் அவனோடு அங்கேயே இருந்தாள். அவன் முகத்தில் விழுந்த புதுச் சுருக்கங்களை விரலால் தெரிந்துகொண்டாள். முகத்தைப் பார்க்கவேயில்லை, பார்க்க ஏங்காத நாளும் இல்லை.

தோன் இறந்தபின் வெள்ளைத் துணி போர்த்தி, முகத்தைத் திறந்துவைத்து, விகாரைக்குப் படகில் கொண்டுபோனார்கள். பின்னால் வந்த படகில் நாரின் இருந்தாள். முன்படகு விலக விலக, காலியாக இருந்த துணிக்கு மேல் அவன் வந்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. முன்படகை எட்டிப் பிடிக்க, அவள் படகை ஓட்டிய பக்கத்து வீட்டு சாரெத் துடுப்பை வேகமாக வலித்தான்.

“கிட்டப் போகாதே சாரெத்,” என்றாள் நாரின். “இதே தூரத்துலயே வா.”